கரோக்கியில் ப்ளூஸ்: உங்கள் குரலுக்கு எந்தப் பாட்டு?

கரோக்கியில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையைப் பாட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நாலு பாட்டுகளையே சுற்றி வருவார்கள். பி.பி. கிங்கின் ‘தி த்ரில் இஸ் கான்’, எட்டா ஜேம்ஸின் ‘ஐ வுட் ராதர் கோ பிளைண்ட்’, மட்டி வாட்டர்ஸின் ‘ஹூச்சி கூச்சி மேன்’, டி-போன் வாக்கரின் ‘ஸ்டார்மி மண்டே’. கேட்கும்போது நாலுமே எளிதாகத்தான் தெரியும். அவசரமில்லாத தாளம், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்), திரும்பத் திரும்ப வரும் வரிகள். மைக்கைப் பிடித்து முதல் சுற்று முடிவதற்குள் பலருக்குத் தொண்டை இறுகிவிடுகிறது. காரணம் பாட்டு கடினம் என்பதல்ல. அந்தக் குரலுக்கு அந்தப் பாட்டு, அல்லது அந்தச் சுருதி, ஒத்துவரவில்லை என்பதுதான்.

சினிமாப் பாட்டு பாடிப் பழகியவர்கள் ஒரு பாட்டை எடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கும்போது முதலில் தேடுவது உச்சத்தை. சரணத்தில் எவ்வளவு மேலே போகிறது, நமக்கு எட்டுமா, அவ்வளவுதான் கணக்கு. அங்கே அது சரியான கணக்கு. பல்லவி நடு ஸ்தாயியில் தொடங்கும், சரணம் மெல்ல ஏறும், உச்சம் வருவதற்குள் குரலும் சூடேறியிருக்கும். ப்ளூஸில் பெரும்பாலும் இது தலைகீழ். வரி மேலே தொடங்கிக் கீழே இறங்கும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி வயல்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் வேலைக்கு நடுவே எழுப்பிய நெடுங்குரல் கூவல்களிலேயே இந்த வடிவம் இருக்கிறது. ஓங்கி எழும், அப்புறம் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

இதோடு பன்னிரண்டு பார் அமைப்பையும் சேர்த்துப் பாருங்கள். பார் என்பது பெரும்பாலும் நாலு தட்டுகள் கொண்ட தாள அலகு. மூன்று வரிகள், வரிக்கு நாலு பார். முதல் வரியே இரண்டாவதாகவும் வரும், மூன்றாவது அதற்குப் பதில் சொல்லும். ஒவ்வொரு நாலு பாரிலும் பாட்டு ஏறக்குறைய பாதியில் முடிந்துவிடும். மிச்சத்தைக் கிட்டாரோ பியானோவோ ஹார்மோனிகாவோ நிரப்பும். மூச்சு வாங்கத் தாராளமாக நேரம் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் குரல் ஓய்ந்து உட்கார்ந்துவிடும். அடுத்த வரியை மறுபடியும் மேலேயே, ஏறிவர வழியில்லாமல், நேராகப் பிடிக்க வேண்டும். உச்ச சுரம் எட்டுகிறவருக்கும் ப்ளூஸ் சிக்கலாவது இங்கேதான்.

ஆகவே வீட்டில் முழுப் பாட்டையும் பாடிப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியின் முதல் இரண்டு மூன்று சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடுங்கள், நிறுத்துங்கள், பேசாமல் சில வினாடிகள் சும்மா இருங்கள், மறுபடி அடுத்த வரியின் தொடக்கம். கழுத்தை நீட்டாமல், சுரத்தைத் தேடித் தடவாமல் அந்தச் சொல் வந்து விழுந்தால் பாட்டு உங்களுக்கு ஒத்துவரும். மூன்றாவது தடவையே முகம் சுருங்கினால் அந்தச் சுருதியில் அது வேண்டாம்.

குரலின் எல்லையை அளக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. போனில், பாடும் சுரத்தின் பெயரைக் காட்டும் ஒரு ட்யூனர் ஆப் போதும். கர்னாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவர்களுக்கு அதுவும் வேண்டாம், அவரவர் கட்டை, அதாவது ஆதார சுருதி, தெரிந்திருக்கும். மேற்கத்தியப் பெயர்களில் 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. 1 கட்டையில் பாடும் ஆணுக்கு மேல் சட்ஜமம் என்பது கீபோர்டின் நடு சி. மேல் பஞ்சமம் அதையடுத்து மேலே வரும் ஜி. 5½ கட்டையில் பாடும் பெண்ணுக்கு மேல் சட்ஜமம் அந்த ஜி-யையும் ஒட்டித் தாண்டிய ஜி-ஷார்ப். ஆணின் கூரை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெண்ணின் நடு வீடு. இந்த ஒரு விஷயம் கீழே பலமுறை உதவும்.

ஆனால் மேல் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு வருவது வேறு, அங்கேயே நின்று சொற்களை உச்சரிப்பது வேறு. அகாரத்தில் எட்டுகிற சுரம் பலருக்கு ‘ஈ’ வரும் சொல்லில் நெரிபடும். உங்கள் உச்சம் என்று எதை நினைக்கிறீர்களோ அதிலிருந்து இரண்டு மூன்று அரைச்சுரம் (கீபோர்டில் கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு பொத்தான்களின் இடைவெளி ஓர் அரைச்சுரம்) கீழே இருப்பதை உண்மையான எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பாட்டுகளுக்கு வருவோம்.

‘தி த்ரில் இஸ் கான்’ முதலில் 1951-இல் ராய் ஹாக்கின்ஸ் பாடியது. இன்று எல்லோருக்கும் தெரிந்திருப்பது பி.பி. கிங் 1969-இல் பதிவு செய்த வடிவம். பி மைனர். ப்ளூஸில் மைனர் பாட்டுகள் குறைவு என்பதால் இது தனித்துத் தெரியும். நடபைரவி ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு சுரங்கள் அந்நியமாகவும் இருக்காது. நம்மவர்கள் இதைத் தேடிப்போவதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சிக்கல் கிங்கின் குரலில் இருக்கிறது. பேசுவதுபோல நிதானமாகப் பாடுகிறார் என்று தோன்றும். உண்மையில் ஆண்களின் மார்புக்குரல், அதாவது பேசும்போது வரும் கனத்த இயல்புக் குரல், முடிகிற எல்லைக்குப் பக்கத்தில், முழு பலத்தோடு, வரியை எடுக்கிறார். இரண்டாவது வரியில் கார்டு ஈ மைனருக்கு மாறும்போது, அதே சொற்களை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லும்படி இசையே தள்ளும். கனத்த, தாழ்ந்த குரலுள்ள ஆண்கள் இதை அசல் சுருதியில் எடுத்தால் இரண்டாவது சுற்றிலிருந்து கத்தலாகிவிடும். மூன்று அல்லது நாலு அரைச்சுரம் இறக்கினால் ஜி-ஷார்ப் மைனர் அல்லது ஜி மைனர். அங்கே பெரும்பாலான ஆண்களுக்கு மூச்சு சீராக வரும்.

பெண்களுக்கு இந்தப் பாட்டில் ஓர் எதிர்பாராத வசதி. ஆண் பாட்டு என்றதும் சுருதியை மாற்ற ஓடுவார்கள். தேவையே இல்லாமல் போகலாம். கிங் முட்டி மோதும் அந்த உயரம், சற்றுத் தாழ்ந்த பெண் குரலுக்கு மார்புக்குரலின் நல்ல பலமான பகுதி. அசல் சுருதியிலேயே, அவர் பாடும் அதே ஸ்தாயியில், முதலில் பாடிப் பாருங்கள். வரியின் இறக்கம் மட்டும் சிலருக்கு மிகக் கீழே போய்விடும். அப்படியானால் ஒன்றிரண்டு அரைச்சுரம் ஏற்றினால் சரியாகிவிடும்.

‘ஐ வுட் ராதர் கோ பிளைண்ட்’ நேரெதிர். நாலில் கேட்க மிக எளிது, பாட மிகக் கடினம். 1967-இல் அலபாமாவில் மஸில் ஷோல்ஸில் உள்ள ஃபேம் ஸ்டுடியோவில் பதிவானது. ‘டெல் மாமா’ இசைத்தட்டின் பின்பக்கமாக வெளிவந்தது. பாட்டு முழுக்க இரண்டே கார்டு, ஏ மேஜரும் பி மைனரும். பன்னிரண்டு பார் அமைப்பும் இதில் கிடையாது. வாத்தியங்கள் எங்கேயும் போகாமல் அலைபோல இரண்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும். அப்படியானால் பாட்டு வளர்வது எதனால்? பாடகியின் குரல் ஒன்றினால்தான். எட்டா ஜேம்ஸ் மெல்லத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்.

மேலே சொன்ன முதல் சொல் சோதனை இந்தப் பாட்டில் பாதிதான் உதவும். முதல் சுற்றை வைத்து முடிவெடுத்தால் எல்லோருக்கும் ஒத்துவருவதுபோலத்தான் இருக்கும். கடைசி ஒரு நிமிடத்தை முதலில் பாடிப் பாருங்கள். அதுவும் குளியலறையில் முனகுவதுபோல அல்ல, ஒரு கூடத்தில் பாடும் சத்தத்தில். அங்கே நிற்க முடிந்தால் தொடக்கம் தானாக வரும். முடியாவிட்டால், கட்டையைக் குறைப்பதற்கு முன் வேறு வடிவம் கிடைக்கிறதா என்று பாருங்கள். 1969-இல் சிக்கன் ஷாக் என்ற ஆங்கிலேயக் குழுவுக்காக கிறிஸ்டின் பெர்ஃபெக்ட் பாடியது மிக அடக்கமானது. ஓங்கிப் பாடாமலே வலி வெளிப்படும். பின்னாளில் ஃபிளீட்வுட் மாக் குழுவின் கிறிஸ்டின் மெக்வீ என்று உலகம் அறிந்தவர் அவர்தான். மெல்லிய குரலுள்ள பெண்கள் எட்டாவைவிட இவரை முன்மாதிரியாக எடுப்பது நல்லது.

ஆண்கள் இதைப் பாட விரும்பினால் ஒரு கணக்கு போட வேண்டும். பெண் பாடிய பாட்டின் உச்சம் நடு சி-யிலிருந்து ஒரு ஸ்தாயி தாண்டிய சி-ஷார்ப் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வசதியான எல்லை நடு சி-க்குச் சற்று மேலே உள்ள ஈ. இரண்டுக்கும் இடையே 9 அரைச்சுரம். கரோக்கி மெஷினில் ஒரு படி என்பது ஓர் அரைச்சுரம்; 9 படி இறக்கினால் டிரம்ஸ் ஏதோ தண்ணீருக்கடியில் அடிப்பதுபோலக் கேட்கும், பல கருவிகளில் அவ்வளவு இறக்கவே விடாது. ஒரு முழு ஸ்தாயி கீழே பாடினாலோ 12 அரைச்சுரம் இறங்கிவிடுகிறது. அடிச்சுரங்கள் காற்றாகிப் போகும், உச்சமும் சப்பென்று இருக்கும். இரண்டும் வேண்டாம். சுருதியை 3 படி ஏற்றிவிட்டு ஒரு ஸ்தாயி கீழே பாடுங்கள். 12-இல் 3 போனால் 9, கணக்கு நேர். ஏ மேஜர் சி மேஜராகிவிடும், அதாவது 6 கட்டைப் பாட்டு உங்கள் 1 கட்டைக்கு வந்துவிடும். ட்ராக்கின் ஒலி அதிகம் கெடாது, குரலும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். ஆண் பெண் பாட்டையோ பெண் ஆண் பாட்டையோ எடுக்கும்போது இந்த வழி பலருக்குத் தோன்றுவதில்லை. ‘கஷ்டமாக இருக்கிறது, இறக்கு’ என்றே பழகியிருக்கிறோம்.

அடுத்தது ‘ஹூச்சி கூச்சி மேன்’. வில்லி டிக்சன் எழுதி, 1954 ஜனவரியில் சிகாகோவின் செஸ் நிறுவனத்துக்காக மட்டி வாட்டர்ஸ் பாடியது. ஏ சுருதி. குரல் எல்லை என்று பார்த்தால் நாலில் இதுதான் குறுகியது. சுரங்கள் பேச்சை ஒட்டியே ஓடும். மேலே எட்டாதவர்களுக்கு, அடிக்குரல் கனமாக இருப்பவர்களுக்கு, வரப்பிரசாதம். ஆனால் இதன் சோதனை வேறு. மொத்தக் குழுவும் சேர்ந்து ஒரு சின்ன ஓட்டத்தை வாசித்துவிட்டுச் சட்டென்று நிற்கும். அந்த வெற்றிடத்தில் வாட்டர்ஸ் தனியாக ஒரு வரியை வீசுவார். மறுபடி அதே ஓட்டம், மறுபடி நிசப்தம். முதல் எட்டு பார் இப்படியே போகும். அப்புறம்தான் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் எட்டு பார்.

அந்த நிசப்தத்தில் நீங்கள் சாய்ந்துகொள்ளப் பின்னணியில் எதுவும் இல்லை. சுருதி விலகினால் ஊருக்கே கேட்கும். அரைத்தட்டு முந்திக்கொண்டால் அடுத்த ஓட்டத்தின் மேல் போய் மோதுவீர்கள். திரையில் எழுத்து நிறம் மாறுவதை நம்பிப் பாடினால் கட்டாயம் பிந்துவீர்கள். நிறம் மாறுவதைக் கண் பார்த்து வாய் திறப்பதற்குள் நேரம் போய்விடும். காலால் தாளம் போட்டுக்கொண்டு, எழுத்தை நினைவூட்டலுக்கு மட்டும் வைத்துக்கொள்பவர்களுக்கே இந்தப் பாட்டு. தாளத்தில் உறுதியும் மேல் ஸ்தாயியில் தயக்கமும் உள்ளவர் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். மைக்கை வாயருகே வைத்துக்கொள்ளுங்கள். மேடை மைக்குகள் பெரும்பாலும் கிட்டே வரவர அடிக்குரலைத் தடிமனாக்கிக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் கனம் அது. வரிகள் முழுக்க ஓர் ஆணின் அலட்டல் என்பதால், மெல்லிய குரலில் பாடினால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். கரோக்கியில் அதுவும் ஒரு ரசனை.

‘ஸ்டார்மி மண்டே’தான் என் கணக்கில் முதல்முறை பாடுபவருக்கான பாட்டு. டி-போன் வாக்கர் 1947-இல் ஜி சுருதியில் பதிவு செய்தது. அவர் ஓங்கிப் பாடுகிறவர் அல்ல. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கதை சொல்வதுபோலப் பாடுவார். வரியின் தொடக்கம் மேலே இருந்தாலும் கூரையை முட்டாது. வரிகள் வார நாட்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போவதால் மறக்கவும் வழியில்லை. வெள்ளிக்கிழமை கழுகு பறக்கும் என்று வருவது சம்பள நாளைத்தான். டாலரில் கழுகு இருக்கிறதல்லவா. ஆண்களில் பலருக்கு இரண்டு அரைச்சுரம் இறக்கி எஃப்-இல், அதாவது 4 கட்டையில், வசதியாக அமையும்.

இதில் கவனிக்க வேண்டியது ட்ராக் யாருடையது என்பதை. பாபி பிளாண்டும் பாடியிருக்கிறார், 1971-இல் ஆல்மன் பிரதர்ஸ் குழு கச்சேரி மேடையில் பாடியதும் புகழ்பெற்றது. இந்தப் பிந்தைய வடிவங்களில் நடுவே கூடுதலான கார்டுகள் சறுக்கிக்கொண்டு போகும். அழகுதான், ஆனால் எளிய பன்னிரண்டு பார் என்று நினைத்துப் போனவருக்குக் காலடியில் தரை நகர்வதுபோல இருக்கும். போதாக்குறைக்கு ஏறக்குறைய இதே தலைப்பில் 1942-இல் ஏர்ல் ஹைன்ஸ் குழுவோடு பில்லி எக்ஸ்டைன் பாடிய வேறொரு பாட்டும் உண்டு. தலைப்பைப் பார்த்துப் பொத்தானை அழுத்தாமல், முதல் இருபது வினாடியைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பட்டியலில் ப்ளூஸ் என்ற தலைப்பின் கீழ் ‘அட் லாஸ்ட்’ கண்ணில் படும். எட்டா ஜேம்ஸ் பாடியதால் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறதே தவிர, அது ஹாலிவுட் படத்துக்காக 1941-இல் உருவான மெட்டு. அங்கே முதலில் சொன்ன சினிமாப் பாட்டுக் கணக்குதான் செல்லும், உச்சத்தைப் பார்த்து முடிவெடுங்கள். குரல் மேலேயே நம்பிக்கை இல்லை, ஆனாலும் மேடை ஏற வேண்டும் என்றால் ‘ஸ்வீட் ஹோம் சிகாகோ’. ராபர்ட் ஜான்சன் 1936-இல் பதிவு செய்தது. இன்று கூட்டமாகப் பாடும் பாட்டாகிவிட்டது, கூடத்தில் இருப்பவர்களே உங்களைக் காப்பாற்றிவிடுவார்கள்.

நாலில் எதை எடுத்தாலும் ஒரு சலுகை எல்லாவற்றுக்கும் பொது. ப்ளூஸில் மெட்டு அவ்வளவு கறாரானதல்ல. மைனர் காந்தாரத்துக்கும் மேஜர் காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ சரிந்து நிற்கும் சுரம்தான் அதன் உயிரே. ஒரே வரி இரண்டு தடவை வருகிறது என்றால், முதல் தடவை கீழேயே பாடிவிட்டு இரண்டாவது தடவை மட்டும் மேலே எடுக்கலாம். பெரிய பாடகர்களே அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு மூன்று உச்சத்துக்குப் பதில் ஒன்று. ‘தி த்ரில் இஸ் கான்’ ஓர் அரைச்சுர அளவில் எட்டாமல் போகிறவர்களுக்கு, சுருதியைத் தொடாமல் இதை மட்டும் செய்தாலே போதும். கமகம் பழகியவர்களுக்கு இந்தச் சரிவுகள் சுலபமாக வரும். ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் அசைக்கத் தொடங்கினால் பாட்டு வேறெங்கோ போய்விடும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் போடும் கருவியாக இருந்தால் மட்டும் இந்தச் சலுகை செல்லாது. திரையில் கோடுகள் ஓடும், அந்தக் கோட்டின் மேல் குரல் நின்றால்தான் மதிப்பெண். அங்கே கோடு அதிகம் ஏறி இறங்காத ‘ஹூச்சி கூச்சி மேன்’ பாதுகாப்பானது. எட்டா ஜேம்ஸைப் போல நெகிழ்த்திப் பாடினால் கருவி உங்களைப் பூஜ்யமாக்கிவிடும்; கூடத்தில் கைதட்டு கிடைக்கும், திரையில் கிடைக்காது.

சுருதியை மாற்றுவதிலும் ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். மேலோ கீழோ மூன்று படிவரை காது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. நாலைத் தாண்டினால் கிட்டார் பொம்மை வாத்தியம்போல ஒலிக்கத் தொடங்கும். அதற்கும் மேல் தேவைப்பட்டால், ஸ்தாயியை மாற்றும் அந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் பாட்டை மாற்றுங்கள். எந்தப் படியில் உங்களுக்குச் சரியாக இருக்கிறது என்பதைப் போனில் குறித்துவையுங்கள், மேடை ஏறிய பிறகு பொத்தானைத் தட்டிக்கொண்டு நிற்க முடியாது. வீட்டில் சாயங்காலம், நாலு பேரோடு பேசி முடித்த பிறகு சோதித்துப் பாருங்கள். சத்தமான கூடத்தில் இரண்டு மணி நேரம் கத்திப் பேசிய குரலுக்கு மேலே ஓர் அரைச்சுரம் குறைந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் இன்னும் ஒரு படி இறக்கிக் குறித்துவையுங்கள்.

கடைசியாக நேரத்தையும் பாருங்கள். ‘தி த்ரில் இஸ் கான்’ அசல் பதிவு ஐந்து நிமிடத்துக்கு மேல். பாட்டு முடிந்த பிறகும் கிட்டாரும் தந்தி வாத்தியங்களும் வெகுநேரம் ஓடும். சில கரோக்கி ட்ராக்குகள் அதை அப்படியே வைத்திருக்கும். கிட்டார் வாசிப்பதுபோல நடிக்கத் தயார் என்றால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் சுருக்கிய ட்ராக்கைத் தேடுங்கள், அல்லது கடைசி வரி முடிந்ததும் நிறுத்தச் சொல்லி மெஷின் பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள்.